கண்ணாடிக் குழாயில் காணாமல் போன கோடு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் அவள் பெற்ற மகளும் உடம்பளவில் நலம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், தாங்கள் புதிதாக வாங்கியிருக்கும் பெரிய காப்பி இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இந்தத் ‘தாங்கள்’ எல்லாம் இந்தப் பத்தியோடு சரி. இதற்கு மேல் எனக்கே தாங்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீ எனக்குப் பரிசாகக் கொடுத்தாயே, கைப்பிடியை இழுத்து எஸ்பிரெசோ இறக்கும் இயந்திரம், அதை வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகவும். அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய், அது என் காதில் விழும். கடிதத்தைப் படித்துவிட்டு நீ எவ்வளவு சிரித்தாலும் அது உன் வீட்டோடு போகும்.

அந்த இயந்திரத்தைப் பற்றி உனக்கே நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனால் கொடுத்த அன்றைக்கு நீ பாதியைத்தான் சொன்னாய், மீதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் சொல்கிறேன். சொம்பு அளவுக்கு ஒரு பாய்லர். தலையில் திருகு மூடி. பக்கவாட்டில், இரண்டு பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே, விரல் தடிமனில் தனியாக நிற்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தக் குழாயில் தெரியும் கோடுதான் சொல்ல வேண்டும். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொதித்து ஆவி முட்டும். கைப்பிடியை மேலே தூக்கிக் கீழே அழுத்தினால் சின்னக் கோப்பையில் கொஞ்சம் காப்பி விழும். எல்லாம் நல்லதுதான். ஆனால் சூடேறிய பிறகு அந்த மூடியை யாரும் தொடக்கூடாது. தண்ணீர் தீர்ந்துபோனால் சுவிட்சை அணைத்து, பால் நுரைக்கும் குழாய் வழியாக ஆவியை வெளியே விட்டு, முழுக்க ஆற வைத்து, அப்புறம்தான் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். மறுபடி அது சூடேறுவதற்குள் காப்பி கேட்டவன் பக்கத்துத் தெருவுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்துவிடுவான். இதையெல்லாம் விட்டுவிட்டு நீ சொன்னது ஒரே வாக்கியம்: “லெவல் மட்டும் பார்த்துக்கங்க அத்தான்.” குடிநீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்தே தலை நரைத்தவனிடம் தண்ணீர் அளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறானே என்று அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

முதல் நாள், குறைவாக ஊற்றினால்தானே ஆபத்து என்று கழுத்து வரைக்கும் ஊற்றினேன். ஆவி நிற்க இடமில்லாமல், பால் குழாயைத் திறந்ததும் கொதிநீர் பீய்ச்சி, எதிர்ச் சுவரில் உன் அக்கா புதிதாக மாட்டிய திரைச்சீலையில் விழுந்தது. அடுத்த நாள் பயந்துபோய்க் குறைவாக ஊற்றினேன். உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு வெறுமனே காய்ந்து, ஏதோ ஒரு பாதுகாப்புப் பொத்தான் தானாக விழுந்து, இயந்திரம் செத்த மாதிரி கிடந்தது. அதை உயிர்ப்பிக்க வந்த மின்பணியாளர் அடிப்பக்கம் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, “இவ்வளவுதான் சார்” என்று போய்விட்டார். அதற்கப்புறம் கோட்டை நடுவில் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். உன் அக்கா அந்த இயந்திரத்துக்கு ‘தம்பி’ என்று பெயரே வைத்துவிட்டாள். “தம்பி சூடாயிட்டானா?”, “தம்பி ஏன் உஸ்ஸுங்கறான்?” என்று வீட்டில் உன்னைப் பற்றித்தான் நாள் முழுக்கப் பேச்சு. வேலை போன வெறுமையில் வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் காலையில் எழுந்ததும் செய்வதற்கு ஒன்று கிடைத்தது. அந்த அளவில் உனக்கு நன்றி. நன்றியைச் சொல்லிவிட்டேன், இனித் திட்டுகிறேன்.

உன் அக்கா மகள் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதனை செய்கிறாள், அதே தெருவில் மருந்துக்கடையில் இருக்கும் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, இதெல்லாம் நீ அறிந்ததுதான். அவனுடைய பெற்றோர் எங்களைப் பார்க்க முதல் தடவையாகப் போன வாரம் வந்தார்கள். கூடவே பையனும், பையனின் அப்பாவுக்கு அக்காவும் வந்திருந்தார்கள். அந்த அம்மா வீட்டுக்கு மூத்தவர், எதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறவர். பையனின் அப்பா என்ன வேலையில் இருக்கிறார் என்று முதல் நாளே மகளிடம் கேட்டிருந்தேன். அவள் பல் துலக்கிக்கொண்டே சொன்னாள். என் காதில் ‘பிராய்லர்’ என்று விழுந்தது. கோழிப்பண்ணை போலிருக்கிறது, நல்ல தொழில்தான் என்று எண்ணிக்கொண்டு, அவர் சோபாவில் உட்கார்ந்ததும் பேச்சை ஆரம்பிக்கும் விதமாக, “இப்பல்லாம் தீவனம் எப்படிங்க, கட்டுப்படி ஆகுதா?” என்று கேட்டேன். “தெரியலீங்க” என்றார். அடக்கமான மனிதர் என்று நினைத்தேன். “நோய் ஏதும் வராம பார்த்துக்கறதே பெரும்பாடுதான்” என்றேன். “ஆமாங்க, உடம்புன்னு இருந்தா வரத்தான் செய்யும்” என்றார். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

காப்பி நானே போடுகிறேன் என்று எழுந்தேன். உன் அக்கா, “இருங்க, அடுப்புல ஒரே பாத்திரத்துல எல்லாருக்கும் போட்டுடறேன்” என்றாள். நான் கேட்கவில்லை. வந்தவர்கள் முன்னால் கைப்பிடியை இழுத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை, அதை மறைப்பானேன். இயந்திரம் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து மேடையில் இருக்கிறது, சோபாவிலிருந்து பார்த்தால் தெரியும். முதல் கோப்பை பையனின் அம்மாவுக்கு. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “வாசனை நல்லா இருக்கு, காப்பிதான் கண்ணுக்கே தெரியலை” என்றார். அடுத்து மூத்த அம்மாவுக்கு. அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டி, “இது சாம்பிள்தானே? இப்ப காப்பியைக் குடுங்க” என்றார். அவருக்குப் பால் நுரைத்து இன்னொன்று. பையனுக்கு ஒன்று. மகளுக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஆவி போகிறது, தண்ணீர் போகிறது, நானோ கோழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே கைப்பிடியை இழுக்கிறேன். பையனின் அப்பா மட்டும் கோப்பைகளைப் பார்க்காமல் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுல சேஃப்டி வால்வு எந்தப் பக்கம்ங்க?” என்று ஒரு தடவை கேட்டார். கோழிப்பண்ணைக்காரருக்கு இது எதற்கு என்று நினைத்துக்கொண்டு, “மேலேதாங்க” என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

அவருடைய கோப்பையை எடுத்து வைத்தபோதுதான் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். கோட்டைக் காணோம். நடுவில் இல்லை, கீழேயும் இல்லை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, முக்கியமான மனிதருக்கு மட்டும் “கொஞ்சம் இருங்க, ஆற வைக்கணும்” என்று எப்படிச் சொல்வது? சும்மா ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போனால் போதும், மூடியை ஒரு சுற்றுத் திருகி, ஊற்றி, மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று புத்தி சொன்னது. அந்தப் புத்தியை இன்றைக்கு என்ன செய்தாலும் தகும். கைத்துணியைச் சுற்றி மூடியைப் பிடித்தேன்.

சோபாவில் உட்கார்ந்திருந்த பையனின் அப்பா எப்போது எழுந்தார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என் மணிக்கட்டை இரும்புப் பிடியாகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “கையை எடுய்யா” என்றார். சத்தமாக இல்லை, அதட்டலாக. மகள் தட்டோடு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தட்டிலிருந்த கோப்பை ஒன்று தரையில் விழுந்து உடைந்தது. பெண்ணைப் பெற்றவனை, அவன் வீட்டுக்குள்ளேயே, அவன் மனைவி மக்களுக்கு முன்னால் ‘யா’ போட்டாயிற்று. உன் அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது.

மானம் போகிற நேரத்தில் வாய் சும்மா இருக்காது. “நான் துடைக்கத்தான் போனேன். உள்ளே தண்ணி நிறைய இருக்கு” என்றேன். அவர் குனிந்து குழாயைப் பார்த்தார். “எங்கே இருக்கு?”

“குழாய் முழுக்க இருக்கு. மேலே தாண்டிப் போனதால கோடு தெரியலை.”

“கீழே இறங்கிப் போனதாலயும் கோடு தெரியாது. இது சுத்தமா காலி. சுவிட்சை அணைங்க.”

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழாய் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான். நல்ல தண்ணீருக்கும் காற்றுக்கும் நிறமா இருக்கிறது? எனக்கோ உள்ளது தெரியும், காலிதான். ஆனால் ‘முழுசு’ என்று சொல்லிவிட்டேனே. “நான் வீடு வீடா தண்ணி அளந்தவனுங்க” என்றேன். “நான் ஆலை ஆலையா ஆவி அளந்தவன்” என்றார் அவர். கோழிக்கு எதற்கு ஆவி என்று நான் விழித்ததைப் பார்த்து மகள் மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, அவர் பாய்லர் இன்ஸ்பெக்டர்.”

ஆலைகளில் வீட்டுயரம் நிற்கும் கொதிகலன்களுக்கெல்லாம் இவர் சோதித்துச் சான்று கொடுத்தால்தான் அடுப்பே எரியுமாம். நான் இறங்கி வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். இறங்கவில்லை. “பெரிய பாய்லர் வேற, இது வேற” என்றேன். அவரும் விடவில்லை. அந்த நேரமெல்லாம் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. உன் அக்கா உடைந்த கோப்பையைப் பெருக்கிக்கொண்டே, “ரெண்டு பேரும் அளந்தது போதும்” என்றாள்.

மகள் யாரையும் கேட்காமல் சுவிட்சை அணைத்தாள். நான் குறுக்கெழுத்துப் போடும் பென்சிலை எடுத்துக் குழாய்க்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிச் சாய்வாகப் பிடித்தாள். “குழாய்ல தண்ணி இருந்தா அது ஒரு லென்ஸ். பென்சில் இந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்தா, குழாய்க்குள்ள அந்தப் பக்கம் சாய்ஞ்ச மாதிரி திரும்பித் தெரியும். இப்ப பாருங்க, எப்படிப் பிடிச்சிருக்கேனோ அப்படியே தெரியுது. தண்ணி இல்லை” என்றாள். கடையில் வருகிறவர்களிடம் ‘மேல் வரியைப் படிங்க’ என்று சொல்லும் அதே குரல். ஆய்வாளர் பென்சிலை வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து அதன் பின்னாலும் பிடித்துப் பார்த்தார். பென்சில் புரண்டு தெரிந்தது. “சரிதான்” என்றார். மகள் என் பக்கம் திரும்பி, “நீங்க நாளைக்குக் கடைக்கு வாங்கப்பா” என்றாள்.

அப்புறம் ஆவியை வெளியே விட்டு ஆற வைக்கும் வேலை. பால் குழாயைத் திறந்ததும் அது போட்ட சீறலில் மூத்த அம்மா காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டார். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆறுகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எதைப் பார்ப்பது? “அப்ப எனக்கு இன்னொண்ணு கிடையாதா?” என்று மூத்த அம்மா கேட்டார். என் மணிக்கட்டில் ஆய்வாளரின் விரல்கள் பதிந்த தடம் சிவந்திருந்தது. அதை அவரும் பார்த்தார். “பிடிச்சது கொஞ்சம் அழுத்தமாயிடுச்சு” என்றார். கைக்கு வருத்தம் சொன்னாரே தவிர ‘யா’வுக்குச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

பிறகு, யாரும் கேட்காமலே, தன் சட்டைக் கைப்பொத்தானைக் கழற்றி முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் சுருங்கி, மெழுகு வழிந்து உறைந்த மாதிரி இருந்தது. “சலவை ஆலை. இதைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். தண்ணி இறங்கிடுச்சு, அவசரம், ஒரு டம்ளர் ஊத்தினாப் போதும்னு மூடியைத் திறந்துட்டார். திறந்தது இன்னொருத்தர். பக்கத்துல நின்னது நான்” என்றார். பையன், “அவருக்கு என்னாச்சுப்பா?” என்று கேட்டான். “அவருக்கு முகத்துல” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பையனின் அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். “கல்யாணமானதுலேருந்து இவருக்கு முழுக்கைச் சட்டையா தேய்ச்சுக்கிட்டிருக்கேன். ‘வேலையில பட்டது’ன்னு ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கார். இன்னிக்கு உங்க வீட்டுலதான் முழுசாச் சொல்றார்” என்றார். உன் அக்கா எழுந்து போய் அவர் கையில் தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மாவுக்குத்தான், இயந்திரத்துக்கு இல்லை.

ஆறிய பிறகு மூடியை ஆய்வாளரே திறந்தார். துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கால் சுற்று, நிறுத்தி, காதைக் கொடுத்து, மறுபடி கால் சுற்று. உள்ளே கம்பி ஒரு பக்கம் கறுத்திருந்தது, மூடிக்கு அடியிலிருந்த ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. நான் தண்ணீர் ஊற்ற, அவர் குழாயில் கோடு ஏறுவதைப் பார்த்து, “போதும்” என்றார். சூடேறியதும் அவருக்கு ஒரு கோப்பை இறக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்ன அபிப்பிராயம்: “சூடா இருக்கு.” வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “பார்க்கலாம்” என்றார். போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து இதுவரை அங்கிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. உன் அக்கா என்னோடு பேசுவதில்லை, பேசிய ஒரே பேச்சு, “என் தம்பி குடுத்த பொருளைக் குறை சொல்லாதீங்க. காலின்னா காலின்னு சொல்ல வேண்டியதுதானே?” என்பதுதான். மகள் வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறாள். அன்றைக்கு எல்லோரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, “கை சுடலையேப்பா?” என்று கேட்டாள். என் மானத்தைப் பற்றி ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்த வீட்டில் கையைப் பற்றிக் கேட்டது அவள் ஒருத்திதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடியைப் பிடித்தது நான், பக்கத்தில் நின்றது அவள். அந்த மனிதர் ஒரு நொடி சோபாவிலேயே உட்கார்ந்திருந்தால், இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன். சம்பந்தியாக வந்திருக்க வேண்டியவரிடம், அவர் காப்பாற்றிய கையை வைத்துக்கொண்டே, நான் பொய் சொல்லி வாதாடியிருக்கிறேன். அதற்கப்புறம் அந்தச் சுவிட்சைத் தொடவே மனம் வரவில்லை. காலையில் அடுப்பில் உன் அக்கா போடும் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஆகவே தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வா. இயந்திரத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டித் தயாராக வைத்திருப்பேன். வந்ததும் என்னை ஒன்றும் கேட்காதே, சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போ.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல், பசிக்கிற நேரத்தில் பசித்து, தூக்கம் வருகிற நேரத்தில் தூங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசல் மணி அடித்தது. சம்பந்தி வந்தார், மனைவியோடும் ஒரு கருவிப் பையோடும். ஊரிலுள்ள கடையெல்லாம் தேடி அந்த மூடிக்குச் சரியான வாஷர் இன்றைக்குத்தான் கிடைத்ததாம், அதற்காகத்தான் இத்தனை நாளாம். “இல்லாம எந்த முகத்தோட வர்றது?” என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம். வந்தாலும் எடுத்துப் போக ஒன்றுமில்லை. உன் இயந்திரம் இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரிப்பின் மேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கறுத்த கம்பியை அவர் சுரண்டுகிறார், நான் டார்ச் பிடிக்கிறேன். நடுவில் கை ஓய்ந்தபோதுதான் இதை எழுதுகிறேன். சற்றுமுன் உன் அக்காவும் சம்பந்தியம்மாவும் சமையலறையிலிருந்து வந்து, கல்யாணத்துக்கு ஒரு தேதி சொல்லி, இது சரிதானா என்று கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னத் திருகு மேஜைக்கடியில் உருண்டுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் தலையை வெளியே எடுக்காமலே “சரி” என்றுவிட்டோம். எந்தத் தேதி என்று சம்பந்திக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திரும்பக் கேட்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை. நீ உன் அக்காவுக்குப் போன் போட்டுச் சும்மா விசாரிக்கிற மாதிரி விசாரித்து, தேதியை எனக்கு உடனே எழுது.